லகாட்டில் நீ கூப்பிட்ட பெயர்

சூசை, முதலில் உட்கார். பாடுகிறவர்களுக்கு எதையும் நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் திணிக்கிற புத்தி உண்டு. இதை அப்படிச் செய்துவிடாதே. கமுந்திங்கில் உன்னோடு தங்கியிருக்கிற ஆர்மோனியக்காரரைக் கொஞ்ச நேரம் வெளியே போய்வரச் சொல். இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்திருக்கிற உன் அம்மாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடு, ரயிலில் அவளுக்குத் தலை சுற்றும். மகனோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வா என்றுதான் அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. "இத்தன வருசமா ஈப்போ சந்தைக்குக்கூட என்னைத் தனியா விட்டதில்ல, இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்டுக்கொண்டேதான் மூட்டை கட்டினாள். நீ எதுவும் கேட்டு அவளை அழவைக்காதே. அவளை அங்கேயே உன்னோடு வைத்துக்கொள்.

பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, மாரியம்மன் திருவிழாவுக்குப் பாட அழைப்பு வந்திருக்கிறது என்று பூரித்துப்போய்ச் சொல்லி அனுப்பியிருந்தாய். அந்தப் பெரிய கங்காணியே ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார், புது வேட்டி எடுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாயாம். போகாதே. இவ்வளவுதான் செய்தி. உன்னை எனக்குத் தெரியாதா, 'ஏன்?' என்று காலை ஊன்றிக்கொண்டு நிற்பாய். அதனால்தான் குனோங் ராபாட் மலையடியில், சுண்ணாம்பு வண்டியின் நிழலில் உட்கார்ந்து இத்தனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உபதேசியாரிடம் பைபிள் வாசிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

சின்ன வயதில் நீ வாய் திறந்து பாடினாலே நான் எரிந்து விழுவேன், நினைவிருக்கிறதா? கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிவிட்டு வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ யாரிடமோ வாங்கிவந்த கஞ்சிராவைச் சுண்ணாம்புச் சூளைக்குள் போட்டேன். அன்று நீ அழவில்லை, என்னைப் பார்த்தாய். உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள், சோற்றுத் தட்டை மட்டும் தொம்மென்று வைப்பாள். அப்பனுக்குக் கலை பிடிக்காது, கல்லும் மாடும்தான் தெரியும் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லித் திரிந்தது என் காதுக்கும் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். கல்லையும் மாட்டையும் தவிர வேறொன்றும் தெரியாத அப்பன் உயிரோடு இருப்பான் அல்லவா?

நீ லகாட்டில் பாடிய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வருவதாகவே இல்லை. உன் அம்மாதான் விடவில்லை. "பெத்த புள்ள பாடறதை ஊரே பாக்குது. நீங்க மட்டும் மாட்டுக்கு முதுகு தேச்சுக்கிட்டு இருங்க" என்றாள். அங்கே ஒரு சீனன் கடைக்குச் சுண்ணாம்பு இறக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வண்டியைப் பூட்டினேன். பாடாங் திடலின் ஓரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மாட்டின் மேல் சாய்ந்து நின்றேன். இவ்வளவு ஜனம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஈயக் குட்டையில் வேலை செய்கிறவர்கள், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்த பெண்கள், ரயில்வே ஸ்டேஷன் யாழ்ப்பாணத்து ஐயா குடும்பம் நாற்காலியில். மண்ணெண்ணெய்ப் பெட்டிகளின் மேல் பலகை போட்டு நீ ஏறி நின்றாய். அழகாகத்தான் இருந்தாய், அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நீ முதலில் பாடினது அந்தக் கிராமபோன் பாட்டு. காப்பிக் கடைக்காரன் கிராமபோன் பெட்டிக்குள் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்து அதற்கு ஒரு தட்டு சோறு வைக்கிற கதை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், முடியவில்லையடா. யாரும் எழுதிக் கொடுக்காமல், நீயே கட்டின பாட்டு. ஒவ்வொரு அடியும் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு முன்னாடியே தெரிந்தது. நீ மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்கினேன். கேலி வருகிற அடிக்கு முன்னால் நீ புருவத்தைத் தூக்குகிறாயே, அது யார் சொல்லிக்கொடுத்தும் வந்ததில்லை. என் தொண்டை தானாக அசைந்தது. பொறாமையும் வந்தது, மறைக்க மாட்டேன். இந்தப் பயல் இப்படி வாயைத் திறந்துகொண்டு, வெயிலில், எல்லோர் முன்னாலும், ஒருவனுக்கும் பயப்படாமல் பாடுகிறானே என்று பெருமை பொங்கியது, அதே மூச்சில் பயமும் வந்தது.

அப்புறம் நீ தப்பை வாங்கி மெதுவாகத் தட்டினாய். "இது ஒரு தோட்டத்துப் பெரட்டு. அங்க செத்துப்போனவங்க பேரு. லகாட்ல ஆப்பம் விக்கிற ராக்கம்மா அக்கா சொன்னது, எல்லாம் நெசம்" என்றாய். ராக்கம்மாவை எனக்குத் தெரியும். அவள் என்னை அடையாளம் கண்டுவிடாதபடி நான் எப்போதும் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அப்போதே வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் நீ பாடத் தொடங்கிவிட்டாய்.

"கொம்பு ஊதி நேரமாச்சு,
கூட்டமெல்லாம் வரிசையாச்சு,
பேரு சொன்னேன், பேச்சு இல்ல,
பேரு நிக்குது, ஆளைக் காணோம்."

பிறகு ஒரு பெயர். ஒரு தட்டு. பதில் இல்லாத அமைதி. மறுபடி ஒரு பெயர், ஒரு தட்டு. உன் குரல் மாறிவிட்டது, சூசை. அது பாட்டுக் குரலே இல்லை, பெரட்டுக் களத்துக் குரல். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பெரட்டு உனக்குக் கேள்விதான், எனக்கு அது உடம்பில் இருக்கிறது. பொழுது வெளுக்குமுன் கொம்பு ஊதுவான். குடியிருப்பு லயத்திலிருந்து ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன் சாமி" என்று உடனே குரல் கொடுக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் பிரம்படி. காய்ச்சலில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு நிற்கிறவனும் அந்தக் குரலை விடமாட்டான். கூப்பிட்டால் யோசனைக்கு முன்னால் வாய் திறந்துவிடும். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

கருப்பாயி என்றாய், அமைதி. அவளுக்கு அடுத்து இன்னொரு பெயரைக் கூப்பிட்டாய். அதை இங்கே எழுத மாட்டேன், இந்தக் காகிதம் யார் கையில் போகும் என்று யார் கண்டது? கருப்பாயிக்கு அடுத்த பெயர், உனக்குத் தெரியும். நீ அதைக் கூப்பிட்ட உடனே, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் "இருக்கேன் சாமி!" என்று கத்தியது.

அது என் குரல். கத்தி முடித்த பிறகுதான் கத்தினது நான் என்று எனக்கே தெரிந்தது. ஞானஸ்நானத்தில் ஃபாதர் எனக்கு வேறு பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே கல்யாணம் செய்து, உன்னையும் பெற்று, இத்தனை வருடம் ஆன பிறகும் வாய் அந்தப் பழைய பெயருக்குத்தான் திறந்தது. நீ ஒரு நொடி திகைத்துப் போனாய். கூட்டம் திரும்பிப் பார்த்தது, பிறகு கைதட்டியது, அதுவும் பாட்டிலே சேர்ந்தது என்று நினைத்துவிட்டது. பாடி முடித்து நீ ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "அப்பா, பிரமாதம்லா! சனம் அப்படியே ஆடிப்போச்சு. அடுத்த தடவையும் அந்த எடத்துல குரல் குடுங்க" என்றாய். முகமெல்லாம் சிரிப்பு. வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பன் உன் பாட்டில் சேர்ந்துவிட்டான் என்கிற சிரிப்பு. நான் உன் தலையைத் தடவினேன். என் கண் உன் மேல் இல்லை என்பதை நீ கவனிக்கவில்லை.

ஏனென்றால் முன்வரிசையில் ஒருவன் மட்டும் கைதட்டவில்லை. வெள்ளைத் தலைப்பாகை, மடியில் குடை. உடம்பை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தெரிந்தவர்களுக்குச் செய்வதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டு மறுபடி உன் பக்கம் திரும்பிக்கொண்டான். உன்னை இப்போது திருவிழாவுக்கு அழைத்திருக்கிற பெரிய கங்காணி அவன்தான். கேட்டுக்கொள், இது பாடுகிற தொழிலுக்கு வேண்டியது: பாடும்போது கண்ணை மூடாதே. உருக்கம் வந்தாலும் மூடாதே. சிரிக்கிறவர்களைப் பார்த்து மயங்காதே, சிரிக்காமல் இருப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார். எனக்கு இதைச் சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை.

ஆமாம், நானும் பாடினவன்தான். வாயைப் பிளக்காதே. உன்னை அழைத்திருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில்தான் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், உன்னைவிடச் சின்ன வயது. பாட்டு கட்டுவேன். காட்டில் ஒரு வரிசைக்கு இந்தப் பக்கமிருந்து நான் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பக்கமிருந்து பெண்கள் முடிப்பார்கள். ஒருநாள் துரை கழற்றிப் போட்ட பூட்ஸ் ஒன்றை இந்தக் கங்காணி மாட்டிக்கொண்டு வந்தான். அவன் காலுக்கு அது ரொம்பப் பெரிது, டொக்கு டொக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தான். சும்மா இருக்குமா என் வாய்?

"முன்னால பூட்ஸு வருது,
பின்னால காலு வருது,
நடுவுல யாரு வாராரு?
நம்ம தோட்டத்து ராசா வாராரு!"

ஒரு வாரத்தில் லயம் முழுக்க அந்தப் பாட்டுத்தான். பால் ஊற்றும் கொட்டாயில் பெண்கள் பாட, துரை என்னவென்று கேட்க, யாரோ அர்த்தம் சொல்ல, துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். கங்காணியைப் பார்த்து, அவன் காலைப் பார்த்து, மறுபடி சிரித்தான். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. துரையையே சிரிக்கவைத்துவிட்டேனே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கங்காணியும் சிரித்தான். "நல்லா பாடறேடா" என்றான். மலையில் மழை பெய்து ஆறு பெருகி ஓடிய ஒரு பிற்பகல், அக்கரையில் ஒரு வேலை இருக்கிறது வா என்று கூப்பிட்டான், தன் ஆட்கள் இரண்டு பேரோடு. கரையிலேயே அடித்தார்கள். எதனால் அடித்தார்கள் என்று தெரியாது, முகத்தைத் தரையில் அழுத்தியிருந்தார்கள். கடைசியில் அவன், "இப்ப பாடுடா" என்றான். அதற்குப் பிறகு தண்ணீர்தான் தெரிந்தது.

கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர், மூங்கில் தெப்பத்தில் சிக்கியிருந்த என்னை இழுத்துப் போட்டு, சாக்கால் மூடி இந்த மலையடிக்குக் கொண்டுவந்தார். அவர்தான் உன் அம்மாவின் அப்பா. அவர் வீட்டுச் சாமியே என் சாமியானது, அவர் தொழிலே என் தொழிலானது. அதிலெல்லாம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பாடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினதும் அவள்தான், உன்னைப் பாட விடச்சொல்லி என்னோடு மல்லுக்கட்டினதும் அவள்தான்.

லகாட்டுக்கு அடுத்த வாரம் அந்தக் கங்காணி நம் வீட்டுக்கே வந்தான். நீ கமுந்திங்குக்குக் கிளம்பிப் போயிருந்தாய். தட்டில் வாழைப்பழம், வெற்றிலைபாக்கு. இப்போது காலுக்கு அளவான தோல் செருப்பு. "பாட்டுக்காரத் தம்பி வீடு இதுதானா?" என்றான். அம்மா யாரென்று தெரியாமல் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

"தம்பிக்கு நல்ல குரல். யாருகிட்ட கத்துக்கிச்சு?"

"தானா வந்ததுங்க" என்றேன்.

"தானாலாம் வராது. ரத்தத்துல இருக்கணும்லா." வெற்றிலைக்கு நிதானமாகச் சுண்ணாம்பு தடவினான். "எங்க தோட்டத்துல முன்ன ஒருத்தன் இருந்தான். அவனும் பாட்டு கட்டுவான். வெள்ளத்துல ஆத்தைக் கடக்கப் பாத்தான், இழுத்துட்டுப் போயிருச்சு. பாவம், ஒடம்புகூடக் கெடைக்கல. சொந்தம்னு யாருமில்ல. நாந்தான் கருமாதி செஞ்சேன்."

"அப்படிங்களா."

"அன்னிக்கு லகாட்ல நீங்க குரல் குடுத்தீங்களே, அப்படியே அவன் குரலு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு."

"வேடிக்கைக்குக் கத்துனதுங்க."

"ஆமாமா, நானும் அப்படித்தான் நெனச்சேன்." எழுந்து குடையை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று உன் அம்மாவைப் பார்த்துத்தான் கடைசியாகச் சொன்னான். "திருவிழாவுக்குத் தம்பி வர்ற வழியில பாலம் கெடையாது, படகுதான். படகுக்காரன் நம்ம ஆளு. நான் சொல்லி வைக்கிறேன், பத்திரமா பாத்துக்குவான். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அவன் தெருமுனை திரும்பியதும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மாட்டுக்குக்கூடப் போடவில்லை, குழி தோண்டிப் புதைத்தாள். அன்றிலிருந்து எதிரே காப்பிக் கடையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். காலையிலும் காப்பி, மாலையிலும் காப்பி. நான் வண்டி பூட்டினால் எழுந்து வேட்டியை உதறுகிறான். நான் ரயிலேறி உன்னிடம் வந்தால் அவனும் வருவான். அதனால்தான் அம்மாவை அனுப்புகிறேன். பெண்பிள்ளை ஊருக்குப் போவதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போலீஸில் போய்ச் சொல்லலாமே என்பாய். என்னவென்று சொல்வது? ஆற்றோடு போனவன் இத்தனை வருடம் கழித்து வந்து நிற்கிறான் என்றா? அவன் இப்போது வெறும் கங்காணி இல்லை. கோயில் கட்டியிருக்கிறான், தர்மகர்த்தா. ரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவன் வயிறு மட்டும் வற்றவில்லை. சுண்ணாம்பு வண்டிக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, சூசை. எனக்காக இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன், எனக்காகவும்தான். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் வாயில் இருக்கிறது. ஆனால் அதே தண்ணீரில் நீயும் போய் விழுவதை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை.

ராவும் பகலும் யோசித்துப் பார்த்தேன். நான் ஒளிந்திருக்கிறவரைதான் அவனுக்கு வசதி. அந்தத் தோட்டத்தில் எனக்குக் கருமாதியே முடிந்துவிட்டது, மறுபடி என்னைக் கொன்றால் ஒருவரும் தேட மாட்டார்கள். நீ போனாலும் அதே கதைதான்: திருவிழாவுக்கு வந்த பாட்டுக்காரன், படகு கவிழ்ந்தது, பாவம், அவ்வளவுதான். அதனால் உனக்கு முன்னால் நான் போகிறேன். அவன் படகில் இல்லை. மேலே, மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார், அவர் தெப்பத்தில் ஆற்றைத் தாண்டி, காட்டு வழியாக நடந்து, நாளைக் காலைப் பெரட்டில் போய் நிற்கப்போகிறேன். துரை குதிரையில் வந்து நிற்கிற நேரம் பார்த்து, அத்தனை ஜனமும் வரிசையில் நிற்கும்போது முன்னால் போய் நான் இன்னான் என்று சொல்லப்போகிறேன். என்னோடு மரம் வெட்டின பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அடையாளம் கண்டு கத்துவார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் உயிரோடு நின்றவனை மறுநாள் ஆற்றோடு போய்விட்டான் என்று சொல்ல அவனால் முடியாது. உன்மேல் கை வைக்கவும் பயப்படுவான். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும், தெப்பக்காரர் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும், காடு வழி விட வேண்டும்.

நீ பாடுவதை நிறுத்தாதே. நான் சொன்னேன் என்று பயந்து, வெறும் கிராமபோன் பாட்டைப் பாடிக்கொண்டு திரியாதே. அந்தப் பெரட்டுப் பாட்டைப் பாடு, எங்கே ஜனம் கூடுகிறதோ அங்கெல்லாம் பாடு, கண்ணைத் திறந்துகொண்டு பாடு. உன்னைப் போல ஒருவனும் பாடவில்லை. இதை நேரில் சொல்லாமல் காகிதத்தில் சொல்கிறேனே என்றுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் நான் கமுந்திங் வந்து சேர்ந்துவிடுவேன். அதுவரை, கருப்பாயிக்கு அடுத்து நீ கூப்பிடுகிற பெயரைப் பாட்டிலிருந்து எடுத்துவிடு. ஞாயிறு தாண்டியும் நான் வரவில்லையென்றால், அம்மாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள். அப்போது அது உண்மையாகிவிட்டிருக்கும்.

உன் அப்பா